உழவர் என்பவர் யார்? ஒரு சொல்லும் அதன் உறவுச் சொற்களும்

(வெண்மணி ஈகியர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் நிலம் பற்றியும் கூலி பற்றியும் நீதிமன்றங்கள் பற்றியும் பேசப்பட்டு வருகிறது. இந்த ஆண்டு ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். 'உழவர்' என்ற சொல். அதற்கு ஈடாக நாம் வழங்கும் விவசாயி, வேளாளர், குடியானவர், பண்ணையாள், கூலி போன்ற சொற்கள்.

சொல்லாராய்ச்சி செய்வதற்கு இதுவா இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஒரு கேள்வியை மட்டும் முன்வைக்கிறோம். வெண்மணியில் இறந்தவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால், 'கூலி வேலை' என்று பதில் வரும். அவர்களுக்கு எதிரே நின்றவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டால், 'விவசாயம்' என்று பதில் வரும். நாற்றுப் பறித்தவர், நட்டவர், களையெடுத்தவர், அறுத்தவர், கட்டுச் சுமந்தவர், அடித்துத் தூற்றியவர் எல்லாரும் கூலி. வரப்பில் நின்றவர் விவசாயி. இந்தப் பங்கீடு எப்போது நடந்தது, யார் செய்தது என்று கேட்பதுதான் இன்றைய உரையின் நோக்கம்.

இரண்டு வகைப் பெயர்கள்

தமிழில் வேளாண் தொழில் செய்பவரைக் குறிக்கும் சொற்களை வரிசையாக எழுதிப் பார்ப்போம். உழவர், களமர், தொழுவர், வினைஞர், மள்ளர், கடைஞர், கடைசியர், உழத்தியர் என்று ஒரு பக்கம். கிழார், வேளாளர், காராளர், காணியாளர், மிராசுதார், பண்ணையார், நிலக்கிழார் என்று இன்னொரு பக்கம்.

முதல் பக்கத்துப் பெயர்கள் பெரும்பாலும் செயலிலிருந்தும் இடத்திலிருந்தும் வந்தவை. உழுதவர் உழவர். களத்தில் நின்றவர் களமர். தொழில் செய்தவர் தொழுவர். வினை செய்தவர் வினைஞர். கை எதைத் தொட்டதோ, கால் எங்கே நின்றதோ, அதுவே பெயர். சங்கப் பாடல்களின் மருத நிலத்தில் சேற்றோடு வருகிறவர்கள் இவர்கள். வயலில் களை பறிக்கும் பெண்கள் கடைசியர் என்ற பெயரோடு புறநானூற்றில் வருகிறார்கள். மள்ளர் என்ற சொல் உழவரையும் போர் வீரரையும் சேர்த்தே குறித்தது. விதைத்த கையும் வாளேந்திய கையும் ஒன்றாக இருந்த காலத்தின் சுவடு அது.

இரண்டாம் பக்கத்துப் பெயர்கள் உரிமையிலிருந்து வந்தவை. கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரியவன். திருக்குறளின் உழவு அதிகாரத்தில் நிலத்துக்கு உரியவரைக் கிழவன் என்றே வள்ளுவர் சொல்கிறார். வயதானவர் என்ற பொருள் அங்கே இல்லை. அரிசில் கிழார், ஆவூர் மூலங்கிழார் என்ற புலவர் பெயர்களில் இருப்பதும் ஊருக்கு உரியவர் என்ற இந்தப் பொருள்தான். காணியாளர் காணி உரிமை உள்ளவர். மிராசுதார் என்ற சொல்லின் வேர் அரபியில் மரபுரிமை, வாரிசுச் சொத்து என்று பொருள்படும். இந்தப் பெயர்களில் ஏர் இல்லை, களம் இல்லை, வினை இல்லை. பத்திரம்தான் இருக்கிறது.

ஆக, உழைப்பால் வரும் பெயர், உடைமையால் வரும் பெயர் என்று இரண்டு வகை. இரண்டும் வெவ்வேறாக இருந்தவரை சிக்கல் இல்லை. உடைமையாளர்கள் உழைப்பின் பெயரையும் எடுத்துக்கொண்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

வேளாண்மை என்ற சொல்

இன்று அரசுத் துறையின் பெயர் வேளாண்மைத் துறை. பல்கலைக்கழகத்தின் பெயர் வேளாண்மைப் பல்கலைக்கழகம். வேளாண்மை என்றால் பயிர்த்தொழில் என்பது நமக்குச் சந்தேகமில்லாத பொருள். ஆனால் வள்ளுவர் பயிர்த்தொழிலுக்கு ஒதுக்கிய 104ஆம் அதிகாரத்தின் தலைப்பு 'உழவு'. அந்தப் பத்துக் குறள்களிலும் வேளாண்மை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்தச் சொல் வேறு இடங்களில் வருகிறது. 81ஆம் குறளில் விருந்தோம்பல் பற்றி வருகிறது. 212ஆம் குறளில் ஒப்புரவு பற்றி வருகிறது. 613, 614ஆம் குறள்களில் முயற்சியோடு சேர்ந்து வருகிறது. எல்லா இடத்திலும் பிறருக்கு உதவுதல், கொடுத்தல் என்பதே பொருள்.

கொடுப்பதற்குக் கையில் மிச்சம் இருக்க வேண்டும். அறுவடையில் மிச்சம் யாரிடம் போய்ச் சேர்ந்ததோ, அவரே கொடுக்க முடிந்தவர், அவரே வேளாளர். கொடைக்கு வைத்த பெயர் காலப்போக்கில் பயிர்த்தொழிலுக்கே பெயராகிவிட்டது. விளைவித்தவரின் தொழில், மிச்சத்தைக் கைக்கொண்டவரின் பண்பால் அழைக்கப்படலாயிற்று. வெள்ளத்தை ஆள்பவர் வெள்ளாளர் என்றும், காரை, அதாவது மேகத்தை, ஆள்பவர் காராளர் என்றும் பின்னாளில் விளக்கங்கள் எழுந்தன. மழையையும் வெள்ளத்தையும் ஆள்வதாகப் பெயர் சூடியவர்கள் ஒரு பக்கம். அந்த மழையில் நனைந்து நாற்று நட்டவர்கள் இன்னொரு பக்கம். கிராமத்துப் பேச்சில் 'வெள்ளாமை' என்ற சொல் மட்டும் விளைச்சல் என்ற நேர்ப் பொருளில் எல்லார் வாயிலும் புழங்குகிறது. 'வெள்ளாமை வீடு வந்து சேரட்டும்' என்று சேரியிலும் சொல்வார்கள். யார் வீடு என்பதுதான் கேள்வி.

விவசாயம் என்ற சொல்லும் வயலில் பிறந்ததில்லை. வடமொழியில் அதற்கு முயற்சி, உறுதி என்று பொருள். இந்தியில் தொழில், வியாபாரம் என்ற பொருளில் இன்றும் வழங்குகிறது. தமிழில் வந்து பயிர்த்தொழிலாகிவிட்டது. ஈழத்தில் கமம் செய்பவர் கமக்காரர். யாழ்ப்பாணத்தில் அது தொழிற்பெயராக மட்டும் நிற்கவில்லை, நிலமுடைய வெள்ளாளரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாகவும் வழங்கியது. கரிசல் காட்டில் சம்சாரி. கொங்குப் பகுதியில் நிலக்காரரைப் பண்ணாடி என்பார்கள். அதே 'பண்ணாடி' பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயராகவும் இருக்கிறது. ஒரே சொல் பண்ணையத்தின் இரு முனைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உழுதுண்போரும் உழுவித்துண்போரும்

இந்தப் பிரிவினையை ஒளிவுமறைவின்றிச் சொன்னவர் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர். வேளாளர் இருவகை என்கிறார் அவர். உழுதுண்போர், உழுவித்துண்போர். உழுவித்துண்போர் வேள், அரசு என்ற உரிமைகளும் காவிதி முதலான பட்டங்களும் பெற்றவர்கள், அரச குடும்பங்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். உழுதுண்போருக்கு அந்தப் பெருமைகள் இல்லை.

இலக்கண உரைகாரர் ஒருவர் ஓர் எழுத்துமாற்றத்தில் சமூகவியலின் அடிப்படையை எழுதி வைத்துவிட்டார் என்றுதான் நாம் சொல்வோம். உழுது, உழுவித்து. தன்வினையும் பிறவினையும். 'வித்து' என்ற அந்தச் சிறு துண்டுக்குள் பண்ணையார் இருக்கிறார், கங்காணி இருக்கிறார், சவுக்கு இருக்கிறது. தானே செய்யாமல் பிறரைச் செய்ய வைப்பதற்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தைச் சாதி கொடுத்தது.

நச்சினார்க்கினியரின் இரண்டு வகையிலும் ஒரு மௌனம் இருக்கிறது. உழுதும் உண்ணாதவர் என்று ஒரு மூன்றாம் வகை உண்டே, அவர்கள் எங்கே? அவர்களைத் தேட நாம் இலக்கணத்தை விட்டுக் கல்வெட்டுக்குப் போக வேண்டும்.

உழப்பறையர்

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களின் வருவாயை எழுதிவைத்தபோது, வரி விதிக்க முடியாத நிலங்கள் என்று ஒவ்வோர் ஊரிலும் சிலவற்றைக் கழித்துக் கணக்கிட்டார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாளர் குடியிருப்பு, பறைச்சேரி என்று அந்தக் கழிவுப் பட்டியல் போகிறது. அந்தப் பட்டியலில் 'உழப்பறையர்' இருக்கும் சேரி வருகிறது. 'தீண்டாச்சேரி' என்ற பெயரும் வருகிறது.

உழ என்ற வினையைத் தன் பெயரிலேயே சுமந்த ஒரு மக்கள் கூட்டம் 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய அரச ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் உழுத வயல் வரி கட்டும் நிலம். அவர்கள் குடியிருந்த சேரி வரியில்லாத நிலம். வருவாய்க் கணக்கில் சுடுகாட்டோடும் குளத்தோடும் சேர்த்து அவர்கள் கழிக்கப்பட்டார்கள். உழைப்பு கணக்கில் ஏறியது. உழைத்தவர் கணக்கிலிருந்து இறக்கப்பட்டார். பறையர் என்றாலே பறையடிப்பவர் என்று மட்டும் பாடம் சொல்லித்தருகிறவர்களிடம் இந்தக் கல்வெட்டுச் சொல்லை நம் மாணவர்கள் எடுத்துக்காட்ட வேண்டும்.

அதே சோழர் காலத்தில் 'மூவேந்தவேளான்' என்பது அரச அதிகாரிகளுக்கும் பெரும் நிலக்காரர்களுக்கும் வழங்கப்பட்ட பட்டம். ஒரு பக்கம் வேளான் பட்டமாக மாறுகிறது. இன்னொரு பக்கம் உழவு சேரியின் அடைமொழியாக நிற்கிறது. காராண்மை, மீயாட்சி என்று பயிரிடும் உரிமைக்கும் மேலுரிமைக்கும் தனித்தனிச் சொற்கள் கல்வெட்டுகளில் உண்டு. வயலில் இறங்கியவரின் உரிமைக்கு ஒரு சொல்லைக் கல்வெட்டு தரவில்லை.

மேழியைக் கொடியாக்கியவர்கள்

மேழி என்பது கலப்பையின் கைப்பிடி. உழுகிறவர் கையில் காய்ப்பு உண்டாக்குவது அதுதான். இடைக்காலத்தில் நிலவுடைமையாளர்களின் பேரமைப்பு ஒன்று 'சித்திரமேழிப் பெரியநாடு' என்ற பெயரில் இயங்கியது. அதன் சின்னம் கலப்பை. மேழிக்கொடி வேளாளர் கொடியாயிற்று. கம்பர் பெயரில் வழங்கும் ஏரெழுபது வேளாளரின் ஏரையும் அதன் உறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போற்றுகிறது. ஏர் போற்றப்பட்டது, மாடு போற்றப்பட்டது, நுகம் போற்றப்பட்டது. மேழியைப் பிடித்த கை யாருடையது என்பது மட்டும் பாட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்தக் கை இலக்கியத்துக்குள் வருவது பள்ளு நூல்களில். 'உழத்திப் பாட்டு' என்றும் அந்த வகைக்குப் பெயர் உண்டு. முக்கூடற்பள்ளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நெல் வகைகளும் மாட்டு வகைகளும் மீன் வகைகளும் அங்கே அடுக்கடுக்காக வரும். அந்த அறிவு அவ்வளவும் பள்ளரின் அறிவு. ஆனால் அதே நூலில் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கிறான். அதை நகைச்சுவையாகப் படித்துச் சிரிக்கும்படி நூல் அமைந்திருக்கிறது. நெல்லின் 100 பெயர்களை அறிந்தவன், தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டுக் கெஞ்சுகிறான். வேளாண் அறிவு வேறு, வேளாண் அதிகாரம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த அறிவின் வேறு பெயர்களையும் சேர்த்துக்கொள்வோம். ஏரி மடையைத் திறந்து வயல் வயலாக நீர் பங்கிட்டவர்களுக்கு நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, கம்புகட்டி, மடைக்குடும்பர் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர்கள் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் சேரிக்காரர்கள். நில எல்லைத் தகராறுகளில் பறையர் சொல்லும் சாட்சியமே முடிவாகக் கொள்ளப்பட்ட வழக்கத்தைக் காலனிய காலக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. எல்லை எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். அந்த எல்லைக்குள் ஒரு குழியும் அவருக்குச் சொந்தமில்லை.

மிராசும் தர்காஸ்தும்

கிழக்கிந்தியக் கம்பெனி வரி வசூலிக்க வந்தபோது கேட்ட முதல் கேள்வி, நிலம் யாருடையது என்பது. பதில் சொன்னவர்கள் காணியாளர்கள். எல்லிஸ் 1818இல் மிராசு உரிமை பற்றி அளித்த விரிவான விடைகள் அந்தப் பதிலுக்கு அரசாங்க மதிப்பைத் தந்தன. காணியாட்சி மிராசு ஆனது. உள்குடி, புறக்குடி என்று குத்தகைக் குடிகளுக்கும் வகை சொல்லப்பட்டது. நிலத்தோடு சேர்த்து ஆட்களும் கைமாறியதை அதே காலத்து வருவாய் ஆவணங்கள் சொல்கின்றன. 1843ஆம் ஆண்டின் அடிமைமுறைச் சட்டம் அடிமைத்தனத்தை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னது. அடிமையாள் என்ற சொல் ஆவணத்திலிருந்து மெல்ல மறைந்து, படியாள், பண்ணையாள் என்ற சொற்கள் அந்த இடத்தை நிரப்பின.

தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து மனு போடலாம் என்று விதி இருந்தது. ஆனால் மிராசு ஊர்களில் அந்தத் தரிசின் மீதும் மிராசுதாருக்கு முன்னுரிமை. பறையர் மனுப் போட்டால் மிராசுதார் ஆட்சேபணை போடுவார். செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதை அம்பலப்படுத்தியது. அதன் விளைவாகவே 1892 செப்டம்பரில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். உழுதவர்களை நிலத்துக்கு உரியவர்களாக அரசு ஏட்டில் எழுதிய அரிய தருணம் அது. அந்த நிலங்கள் எங்கே போயின என்று கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். காரணை மண்ணின் அந்த இரு பெயர்களையும் வெண்மணியின் 44 பெயர்களோடு சேர்த்தே நாம் நினைவுகூர வேண்டும்.

'குடியானவர்' என்ற சொல்லும் இங்கே வருகிறது. தஞ்சை மாவட்ட ஊர் அமைப்பைப் பற்றி ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட ஆய்வு நூலை நம் சமூகவியல் மாணவர்கள் பாடமாகப் படித்திருப்பார்கள். அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்று ஊர் மூன்றாகப் பிரிந்திருப்பதை அது காட்டுகிறது. குடியானவர் என்றால் பயிர் செய்யும் குடி. ஆனால் பயிர் செய்பவர்களில் பெரும்பகுதியினர் குடியிருந்த சேரிக்கு அந்தப் பெயர் இல்லை. சேரிக்காரர் குடியும் இல்லை, குடியானவரும் இல்லை. தெருப் பெயரே தொழிலைப் பறித்துக்கொண்டது.

பண்ணையாளிலிருந்து கூலி

1940களில் பி. சீனிவாச ராவ் போன்ற தோழர்கள் கீழத் தஞ்சையில் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் சேரிகளில் சங்கம் கட்டினார்கள். அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில் 1952இல் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாள் என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறியது. அந்தப் பெயரோடு சில உரிமைகளும் ஏறின. உடனே நிலக்காரர்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டு அவர்களையே அன்றாடக் கூலிகளாக வைத்துக்கொண்டார்கள். ஆளும் அதேதான், வேலையும் அதேதான். பெயர் மாறியவுடன் உரிமை போய்விட்டது. சொல் என்பது வெறும் சொல் இல்லை என்பதற்கு இது நம் கண்முன் நடந்த சான்று.

'உழுபவருக்கே நிலம்' என்ற முழக்கமும் இதே இடத்தில்தான் முறிந்தது. உழுபவர் யார்? 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தன் உடலுழைப்பையோ குடும்பத்தார் உடலுழைப்பையோ செலுத்திப் பயிர் செய்பவர் என்று சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குத்தகை ஒப்பந்தத்தின்கீழ் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. உடலுழைப்பு இருக்கிறது, ஒப்பந்தம் இல்லை என்றால் அவர் சாகுபடியாளர் ஆகமாட்டார். சேரியில் இருந்தவர்களில் பெரும்பாலோரிடம் உடலுழைப்பு மட்டும்தான் இருந்தது. 1961ஆம் ஆண்டின் உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என்றது, 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. அறக்கட்டளை, பினாமி, குடும்பப் பாகப்பிரிவினை என்று நிலம் காகிதத்தில் சிதறியது. வயலில் சிதறவில்லை.

வெண்மணிக்கு வருவோம். கூலித் தொழிலாளர்கள் கேட்டது கூடுதலாகக் கொஞ்சம் நெல். அவர்களுக்கு எதிராகத் திரண்ட நிலக்காரர்களின் அமைப்புக்குப் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம்.

இந்தப் பெயரை ஒரு நிமிடம் நின்று படியுங்கள் தோழர்களே. நெல் உற்பத்தியாளர். உற்பத்தி என்ற சொல்லுக்கு எந்தச் சமூக அறிவியல் அகராதியைப் புரட்டினாலும் உழைப்பு இல்லாமல் பொருள் கிடையாது. சேற்றில் இறங்காதவர்கள் தங்களை உற்பத்தியாளர் என்று அழைத்துக்கொண்டார்கள். உற்பத்தி செய்தவர்கள் அந்தப் பெயருள்ள சங்கத்தின் எதிரிகளானார்கள். நச்சினார்க்கினியருக்காவது உழுவித்துண்போர் என்று சொல்லும் நேர்மை இருந்தது. 20ஆம் நூற்றாண்டு அந்த 'வித்து' என்ற துண்டையும் அழித்துவிட்டது.

கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் மிராசுதார்களாக இருப்பது வியப்புக்குரியது, அவர்கள் பெரும் நிலம் உடைய செல்வர்கள், ஒருவரிடம் காரும் இருந்தது, அத்தகையவர்கள் தாங்களே நடந்து வந்து வீட்டுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற பொருளில் தீர்ப்பின் வாதம் அமைந்தது. இங்கேயும் அதே இலக்கணம்தான். உழுவித்துப் பழகியவர்கள் எதையும் தாமே செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை சட்ட வாதமாகிவிட்டது. நெல் விளைந்தபோது அது அவர்கள் உற்பத்தி. குடிசை எரிந்தபோது அது அவர்கள் செயல் இல்லை.

கணக்கெடுப்பின் மொழி

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடியாளர்கள் 11.88 கோடி, விவசாயத் தொழிலாளர்கள் 14.43 கோடி. 2001இல் சாகுபடியாளர்கள் 12.73 கோடி, தொழிலாளர்கள் 10.68 கோடி. பத்தாண்டுகளில் கணக்கு தலைகீழாகிவிட்டது. தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் ஏறத்தாழ 42 லட்சம், தொழிலாளர்கள் ஏறத்தாழ 96 லட்சம்.

இந்த எண்களைவிட அவற்றின் வரையறை முக்கியம். கணக்கெடுப்பில் சாகுபடி என்பது, பயிர் வேலையை மேற்பார்வையிடுவதையும் வழிநடத்துவதையும் உள்ளடக்கும். மேற்பார்வை செய்பவர் சாகுபடியாளர். பிறர் நிலத்தில் கூலிக்கோ பங்குக்கோ வேலை செய்பவர் தொழிலாளர். உழுவித்துண்போர் இப்போது கணக்கெடுப்புக் கையேட்டில் குடியிருக்கிறார்.

இதன் விளைவு பணமாகத் தெரிகிறது. 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். பெறத் தகுதி, பெயரில் நிலம் இருப்பது. நிலமற்ற தொழிலாளி அந்தத் திட்டத்தில் விவசாயி இல்லை. வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரும் இல்லை. புயல், வெள்ளம், வறட்சி வந்தால் பயிர் நிவாரணம் ஏக்கர் கணக்கில் வரும். சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பயிர் அழிந்ததால் வேலை இழந்த கைகளுக்கு அடங்கல் ஏது?

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்று பழமொழி சொல்வார்கள். கணக்குப் பார்க்கும் இடத்திலேயே நுழைய முடியாதவரைப் பற்றி அந்தப் பழமொழிக்கும் தெரியாது.

வேறு விதமாக வரையறுக்க முடியாதா என்றால், முடியும். 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, விவசாயத் தொழிலாளர், பங்கு வாரம் செய்பவர், குத்தகைதாரர், கால்நடை வளர்ப்போர் எல்லாரையும் விவசாயி என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் உழவர் பாதுகாப்புத் திட்டம் சிறு, குறு விவசாயிகளோடு நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களையும் உறுப்பினராக ஏற்றது. உழைப்பை அளவுகோலாக வைத்தால் சொல் விரிகிறது, உதவியும் விரிகிறது. பட்டாவை அளவுகோலாக வைத்தால் இரண்டும் சுருங்குகின்றன. கொள்கைக்கும் திட்டத்துக்கும் இடையே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 2007இல் விவசாயி என்று எழுதிய கை, 2019இல் ஏன் அழித்தது?

உழத்தி எங்கே?

நம் பக்கத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. உழவர் என்ற சொல்லே முழுமையானதா? உழவு, பயிர் வேலைகளில் ஒன்றுதான். நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. ஏர் பிடிப்பது மட்டும் பெண்ணுக்கு விலக்கப்பட்டது. விலக்கப்பட்ட அந்த ஒரு வேலையை வைத்துத் தொழிலுக்கே பெயர் சூட்டியிருக்கிறோம். பழந்தமிழில் உழத்தியும் கடைசியரும் இருந்தார்கள். இன்றைய விவசாயி என்ற சொல்லுக்குப் பெண்பாலே இல்லை. சுவரொட்டியில் விவசாயியை வரைந்தால் தலைப்பாகையோடு கலப்பை சுமந்த ஆணைத்தான் வரைகிறோம், நம் இயக்கங்களும் அப்படித்தான். நடவாள் என்றும் அறுப்பாள் என்றும் அன்றைய வேலையின் பெயரோடு பெண் நின்றுவிடுகிறாள்.

இன்று டிராக்டர் வந்துவிட்டது. மணிக்கு இவ்வளவு என்று உழவு ஓட்டப்படுகிறது. உழுபவருக்கே நிலம் என்று சொல்லை அப்படியே பிடித்தால் டிராக்டர் வைத்திருப்பவருக்கே நிலம் என்று முடியும். ஆகவே உழவு என்பதை வயலிலும் களத்திலும் நடக்கும் உழைப்பு முழுவதுக்குமான சொல்லாக நாம் விரித்துப் பொருள்கொள்ள வேண்டும். வெண்மணியில் எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்பதை மறந்துவிட்டு உழவர் வரலாறு எழுத முடியாது.

பெயர் மீட்பும் நில மீட்பும்

பெயரை மீட்கும் போராட்டம் நம் மரபில் புதிதல்ல. 1907 முதல் 1914 வரை தமிழன் இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், தொழிலுக்கு வைத்த பெயர்கள் பிறப்புக்கு வைத்த பெயர்களாக எப்படி மாறின என்று சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டினார். அவருடைய எல்லா முடிவுகளையும் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், சொல்லைக் கேள்வி கேட்கும் துணிவை அவரிடமிருந்தே நாம் பெற்றோம். 2021இல் ஏழு பட்டியல் சாதிப் பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் கொண்டுவரும் சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தப் பெயரைப் பற்றி இந்த அவையிலேயே இருவேறு கருத்துகள் இருக்கும். இழிவாக அழைக்கப்பட்டவர்கள் தம்மை எப்படி அழைத்துக்கொள்வது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை நாம் மதிக்கிறோம். அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம். வேளாண்மை என்ற சொல்லுக்குள் மிச்சம் கையில் உள்ளவர் என்ற பொருள் இருக்கிறது. மிச்சம் நம் கைக்கு வராமல் பெயர் மட்டும் வந்தால், வருவாய்த்துறை ஏட்டில் ஒரு வரியும் மாறாது. பெயர் மீட்பும் நில மீட்பும் சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

மாணவ நண்பர்களுக்கு மூன்று வேலைகள் சொல்லி முடிக்கிறோம். ஒன்று, உங்கள் சேரியில் மூத்தவர்கள் இருக்கும்போதே பயிர் வேலை தொடர்பான சொற்களைக் கேட்டு எழுதுங்கள். வேலைகளின் பெயர், கூலி அளந்த படிகளின் பெயர், நீர் பங்கிட்டவரின் பெயர், ஆண்டையை அழைத்த பெயர், ஆண்டை நம்மை அழைத்த பெயர், எல்லாவற்றையும் எழுதுங்கள். அகராதிகள் பண்ணையாரைக் கேட்டு எழுதியிருக்கின்றன. இரண்டு, உங்கள் வருவாய்க் கிராமத்தின் பழைய நிலப் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலம் எந்தப் புல எண்ணில் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று, நிவாரணம், காப்பீடு, உதவித்தொகை என்று எந்தத் திட்டம் வந்தாலும் அதில் விவசாயி என்பவர் யார் என்ற வரையறையை முதலில் படியுங்கள். உங்கள் தாயும் தந்தையும் அந்த வரையறைக்குள் இல்லையென்றால், கிராம சபையில் எழுந்து அதைச் சொல்லுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

வெண்மணியில் எரிந்தவர்கள் கூலிகள் என்று இனி எழுத வேண்டாம். அவர்கள் நெல் உற்பத்தி செய்தவர்கள். அவர்கள் உழவர்கள்.